உச்சியில் ஹுமைதியின் முத்திரை

ஸுவைலிம் அந்தக் கயிற்றை மூன்றாவது முறையாகப் பையிலிருந்து எடுத்து மணலில் பரப்பியதை எங்கள் வீட்டுச் சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிந்து பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆட்டுத் தொட்டியில் தண்ணீர் உறைந்திருந்தது. அதை உடைத்துவிட்டு, ஆடுகள் குடித்து முடிக்கும்வரை மனிதன் எங்காவது நிற்கத்தானே வேண்டும்? நான் நிற்கும் இடத்தில் சுவர் கொஞ்சம் தாழ்வு, அவ்வளவுதான். எங்கள் ரம் பாலைவனப் பள்ளத்தாக்கில் ஜனவரி மாதக் காலையில், சூரியன் மலைக்கு இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால், கம்பளி அங்கிகூட இல்லாமல் வெளியே நிற்பவன் ஒன்று பைத்தியம், அல்லது தூக்கம் தொலைந்தவன். ஸுவைலிமைப் பைத்தியம் என்று இதுவரை நான்கூடச் சொன்னதில்லை. நான்கு நாளாக அவன் எழுந்து எழுந்து கூரையில் நடக்கிறான் என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் செருப்புச் சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்கிறது.

“என்ன ஸுவைலிம், கயிறு குட்டி போட்டிருக்கா?” என்றேன்.

“சரி பாக்கறேன் அண்ணே.”

“ஒரு கயிற எத்தன தடவ சரி பாப்ப?”

அவன் கயிற்றைக் கைக்குக் கை மாற்றி மறுபடி சுற்ற ஆரம்பித்தான். இருபது வருடமாக வெள்ளைக்காரர்களைக் கயிற்றில் கட்டி மலைக்கு ஏற்றி இறக்குகிறவன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றக் கூடியவன். அன்று அவன் கைகள் புதிதாகப் பின்னல் பழகும் பெண்ணின் கைகள் மாதிரி இருந்தன.

என்னை ஊரில் அபூ நாயிஃப் என்று முகத்துக்கு நேராகவும் ரேடியோ என்று முதுகுக்குப் பின்னாலும் கூப்பிடுவார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ரேடியோ இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று அவர்களே யோசித்துப் பார்க்கட்டும். ஸுவைலிமுக்கு ஏன் தூக்கம் போனது என்பதும் ஊருக்கு என் வழியாகத்தான் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சம்பவம் நடந்தபோது அறுபது பேர் இருந்தார்கள் என்பதால் அந்தப் பெருமையை நான் கோர முடியாது.

இலையுதிர் காலத்தில் ஒரு கல்யாணப் பந்தல். ஸுவைலிமின் பங்காளி ஃபர்ஹான் காப்பிக் கோப்பையை விரல் நுனியில் ஏந்தியபடி பேசிக்கொண்டிருந்தான். ஃபர்ஹானுக்குப் பாலைவனத்தில் பன்னிரண்டு கண்ணாடிக் கூடாரங்கள் உண்டு. படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம் என்று தலைநகர் அம்மானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தலையை வெளியே நீட்டினால் சும்மா தெரிகிற நட்சத்திரம். அவன் சொன்னான்: “அபூ குராப் மலையில கிழக்குப் பாறைச் சுவர் வழியா மொதல்ல ஏறினது எங்கப்பா ஸல்மான்தான். வரையாட்டைத் துரத்திக்கிட்டு, வெறுங்கால்ல.”

பந்தலின் மறு மூலையிலிருந்து ஸுவைலிம் எழுந்தே விட்டான். “உச்சியில தண்ணிக் குழிக்குப் பக்கத்துல எங்கப்பாவோட ஒட்டக முத்திரை பாறையில வெட்டியிருக்கு. போய்ப் பாத்துட்டு வந்து பேசு.”

“யாரு, ஹுமைதி சித்தப்பாவா?” ஃபர்ஹான் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் மோசம். “அவரு கீழ ஒட்டகத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னவராச்சே பங்காளி.”

சிரித்தது பந்தல்தான். ஹுமைதி ஒட்டகம் பிடித்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வருடத்துக்கு முன்னால் மூன்று பேர் அந்த மலைக்கு வேட்டைக்குப் போனார்கள்: ஃபர்ஹானின் அப்பா, ஸுவைலிமின் அப்பா, என் அப்பா. இரண்டு பேர் ஏறினார்கள். ஹுமைதி மட்டும் கீழே நின்றார். இதை என் அப்பா என்னிடம் சொன்னார், நான் சிலரிடம் சொன்னேன். சொல்லாதவர்களை எண்ணுவது சுலபம். மூவருமே இப்போது மண்ணுக்குள் இருக்கிறார்கள், ஒட்டகங்களும்.

அதோடு போயிருக்கும். ஆனால் பந்தலில் யித்கா உட்கார்ந்திருந்தாள். செக் நாட்டுக்காரி, ஐம்பத்தைந்து வயது, பத்தொன்பது குளிர்காலமாக எங்கள் மலைகளை ஏறிப் புத்தகம் எழுதுகிறாள். எந்தப் பாறையில் எது வழி, அதை முதலில் ஏறியவன் யார் என்று படம் போட்டு எழுதுவாள். வழிக்கு அவன் பெயரையே வைத்துவிடுவாள். அரபி நன்றாகப் பேசுவாள், ஆனால் செய்தி வாசிப்பவர்கள் பேசும் அரபி. அவள் உப்புக் கேட்டால்கூட அமைச்சரவை கூடியது போலிருக்கும். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “அங்ஙனமாயின் நாம் நேரில் சென்று காண்போம். என் நூல் வேனிற்காலத்தில் அச்சேறவிருக்கிறது.”

அறுபது பேர் முன்னால் ஃபர்ஹானால் என்ன செய்ய முடியும்? “முத்திரை இருந்தா ஹுமைதி பேரையே போட்டுக்குங்க. நான் வாயத் தொறக்கல,” என்றான். கையில் காப்பியோடு சொன்ன வார்த்தை எங்கள் பக்கத்தில் திருப்பி வாங்க முடியாத வார்த்தை.

கிழக்குச் சுவரைக் குளிர்காலத்தில்தான் ஏற முடியும். மற்ற மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே பாறை ரொட்டிக் கல்லாகிவிடும். அதனால் ஜனவரி. வண்டி ஓட்டவும் சமைக்கவும் நான் வருகிறேன் என்றேன். கூலி வேண்டாம் என்று சொன்னபோது என் மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

*

அபூ குராப், எங்கள் ஊரிலிருந்து தெற்கே வண்டியில் மூன்று மணி நேரம். சிவப்பு மணல் முடிந்து வெள்ளை மணல் தொடங்கும் இடத்தில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு குந்தியிருக்கும் காக்கை மாதிரி தனியாக நிற்கிற மலை. அதன் அடிவயிற்றில் காற்று படாத ஒரு குடைவைப் பார்த்து ஆட்டுமயிர்க் கூடாரத்தை அடித்தோம். யித்கா எதிர்ப்பக்கம் தன் ஆரஞ்சு நிறக் கூடாரத்தைப் போட்டுக்கொண்டாள். காற்று படாத இடம் என்று நாங்கள் நினைத்தது காற்றுக்குத் தெரியவில்லை. மறுநாள் முழுக்க மணல் அடித்தது. பல்லில் மணல், பருப்பில் மணல், தேநீரின் அடியில் சர்க்கரையா மணலா என்று கடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ஏறுகிற பேச்சே இல்லை.

அப்படி ஒரு நாளில் நல்ல மனிதன் கம்பளிக்குள் சுருண்டு அடுத்தவன் குடும்பத்தைப் பற்றிப் பேசுவான். ஸுவைலிமால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், வெளியே போய்த் தலையில் மணலோடு திரும்பி வந்தான். விரிசலில் செருகும் இரும்புகளைப் பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்கினான், கலைத்தான், சிறியது பெரியது என்று அடுக்கினான். கூடார முளைகளைப் போய் அடித்துவிட்டு வந்தான். முளை அடிக்கும் சுத்தியலைத் திரும்ப என் சாமான் பெட்டியில் வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க எனக்கு எங்கே முடிகிறது?

யித்கா மட்டும் சுவரின் படத்தை வரைந்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். மதியம் அவள் கேட்டாள்: “உம் தந்தை எவ்வழியே ஏறினார் என்பதை அவர் உம்மிடம் விவரித்ததுண்டா?”

“சொல்லியிருக்காரு. மொதல்ல அந்தப் பெரிய பிளவு. அப்புறம் எடது பக்கம்...” அவன் கையால் காற்றில் காட்டினான்.

“இடப்புறம் வெறும் வழுக்குப் பாறையன்றோ?”

“வலது பக்கம். வலதுன்னுதான் சொன்னாரு.”

நான் மாவைப் பிசைந்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். ஹுமைதியை எனக்குத் தெரியும். வாழ்நாளில் மொத்தமாக இருநூறு வார்த்தை பேசியிருப்பார், அதில் பாதி ஆடுகளிடம். மகனிடம் உட்கார்ந்து மலை வழி விவரித்தார் என்றால் அன்று எங்கேயோ மழை பெய்திருக்க வேண்டும்.

சாயங்காலம் காற்று நின்றது. சாம்பலுக்குள் சுட்ட ரொட்டியைத் தட்டிச் சாப்பிட்டோம், பிறகு காப்பி குடித்தோம். ஏலக்காய் நிறையப் போட்ட காப்பி. யித்காவுக்கு அப்படித்தான் பிடிக்கும். குடித்து முடித்ததும் ஸுவைலிம் சொன்னான்: “குடு அண்ணே, பானையை நான் கழுவறேன்.”

இருபது வருடத்தில் அவன் ஒரு தேக்கரண்டி கழுவி நான் பார்த்ததில்லை. பாறைக்குப் பின்னால் போனான். நானும் விறகு பொறுக்கப் போனேன். அந்தப் பக்கம் விறகு இல்லை என்பது வேறு விஷயம். அவன் பானையைக் கவிழ்த்து, அடியில் இருந்த காப்பி மண்டியை விரலால் வழித்து, ஒரு மருந்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். சொட்டு மிச்சமில்லாமல். அதன்மேல் கொஞ்சம் சாம்பல் போட்டு, விரலில் ஆட்டு நெய் தொட்டுக் குழைத்தான்.

வேறு ஊர்க்காரனுக்கு இது புரிந்திருக்காது. எங்கள் பாறைகளுக்கு மேலே வெயில் ஒரு கறுப்புத் தோல் போர்த்தியிருக்கிறது. கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. கறுப்பு நாயின் முதுகில் விழுந்த வெட்டு மாதிரி பளிச்சென்று நிற்கும். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வெட்டிய முத்திரைக்கு ஒரு மங்கல் உண்டு. நேற்று வெட்டியதற்கு அது கிடையாது. இதை எங்கள் ஊரில் பால்பல் விழாத குழந்தைகூடச் சொல்லிவிடும். புதுசைப் பழசாக்க வேண்டுமென்றால் காப்பி மண்டி, சாம்பல், நெய். அகபா துறைமுகத்துப் பக்கம் ‘பழங்கால’க் கல் விற்கிறவர்கள் செய்கிற வேலை.

நான் விறகில்லாமல் திரும்பி வந்தேன். இவ்வளவு பெரிய செய்தி என் வாழ்நாளில் என் மடியில் விழுந்ததில்லை. சொல்ல ஆள் இல்லை. யித்காவிடம் சொல்ல முடியாது, ஒட்டகம்கூட எங்களிடம் இல்லை. படுத்தேன், புரண்டேன். இப்போது கூடாரத்தில் தூங்காதவர்கள் இரண்டு பேர்.

விடிந்ததும், அவன் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். “மேல காப்பி போடறதுக்கு அடுப்பு எடுத்துட்டுப் போறியா ஸுவைலிம்?”

“இல்லையே.”

“அப்ப அந்த டப்பா?”

அவன் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. “போன மாசம் என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து என்ன கேட்டா தெரியுமா அண்ணே? ‘ஒட்டகக் கயிறு பேத்தின்னு கூப்பிடறாங்களே, அப்டின்னா என்னப்பா?’ன்னு கேட்டா. பத்து வயசு. நான் என்ன சொல்றது?”

நான் நெருப்பை ஊதினேன்.

“உங்கப்பாதான கூடப் போனது. அவரு உன்கிட்ட சொன்னாருல்ல, எங்கப்பாதான் கீழ நின்னாருன்னு?”

“சொன்னாரு,” என்றேன்.

“ம்.” அவன் முடிச்சைப் போட்டான். “அப்ப இந்த டப்பாவ நீ பாக்கல.”

*

என்னிடம் ஒரு நல்ல தொலைநோக்கி இருக்கிறது. ஒரு ஜெர்மன்காரர் என் வண்டியில் மறந்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்க நானும் மறந்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் சுவரின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. அது அடிவரை வந்தபிறகுதான் அவர்கள் ஏறத் தொடங்கினார்கள். நிழலில் இருக்கும் பாறை அந்த நேரத்தில் விரலைக் கடிக்கும். ஸுவைலிம் முன்னால். பெரிய பிளவுக்குள் முதுகை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் ஊன்றி, சிலந்தி மாதிரி போனான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ இரண்டு பேர் இதைக் கயிறில்லாமல், வெறுங்காலில், தோளில் துப்பாக்கியோடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கீழே உட்கார்ந்திருந்த நானே கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பிளவு முடிந்ததும் அவன் வலது பக்கம் போனான், நின்றான், இறங்கினான், இடது பக்கம் போனான். வழுக்குப் பாறை. அங்கே காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் போயே விட்டான். யித்கா அவன் பின்னால் கயிற்றில் பொறுமையாக வந்தாள்.

அவர்கள் பாதிச் சுவரில் இருந்தபோது வடக்கே புழுதி கிளம்பியது. ஃபர்ஹானின் வெள்ளை வண்டி. வந்து இறங்கி, “ஸலாம் அண்ணே. ஒரு ஒட்டகம் காணோம். சும்மா இந்தப் பக்கம் தேடிக்கிட்டு வந்தேன்,” என்றான். மூன்று மணி நேரத் தூரம் வந்திருக்கிறான், மூன்று வருடத்துக்கு முன்னாலேயே ஒட்டகங்களை விற்றுவிட்டவன்.

வந்தவனிடம் ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். மூன்று நாள் சோறு போட்டபிறகுதான் கேட்கலாம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனுக்குப் பக்கத்து வீடு இருந்திருக்காது. நான் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

அவனும் உட்காரவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தான். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தான், கொடுத்தான், மறுபடி வாங்கினான். மேலே ஸுவைலிம் உச்சி விளிம்பில் கையை வைத்து ஏறி மறைந்தான். யித்கா கீழே ஒரு திட்டில் காத்திருந்தாள். கயிறு அசையவில்லை. நான் ஒரு கிளாஸ் தேநீர் குடித்தேன். இன்னொன்று குடித்தேன். மேலே ஏறியவன் கயிற்றைக் கட்டிவிட்டு ‘வா’ என்று கத்த ஒரு கிளாஸ் நேரம்கூட ஆகாது.

“என்ன பண்றான் இவ்ளோ நேரம்?” என்றான் ஃபர்ஹான்.

“குளிர்ல கை மரத்துப் போயிருக்கும்.”

“அந்தக் குழியில தண்ணி ஒறஞ்சு கெடந்துச்சு. வழுக்கும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் மலையைப் பார்த்தான். கேட்காமல் இருப்பதன் ருசியை அன்றுதான் கண்டேன். ஆள் தானாகக் கொட்டிவிடுகிறான்.

“யார்ட்டயும் சொல்லிடாத அண்ணே.” என்னிடம் போய் இதைச் சொல்கிறான் என்றால் எந்த நிலையில் இருந்திருப்பான் பாருங்கள். “ரெண்டு வாரம் முன்னாடி நானும் ஏறினேன். பின்பக்கமா, சுலப வழியில, தனியா. தூக்கம் வரல. மேல இண்டு இடுக்கெல்லாம் தேடிட்டேன். ஹுமைதி முத்திரை இல்ல. எங்கப்பாவோடதும் இல்ல. ஒண்ணுமே இல்ல அண்ணே, வரையாட்டுப் புழுக்கதான் கெடக்கு.”

“அப்புறம் ஏன் வந்த?” வழக்கமாவது மண்ணாவது.

“அவன் எறங்கி வந்து ‘இல்ல’ன்னு சொல்லட்டும். ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும். நானும் போய்த் தூங்குவேன்.” அவன் கிளாஸில் மிச்சமிருந்ததை மணலில் ஊற்றினான். பிறகு என் பக்கம் திரும்பினான். “ஹுமைதிதான் கீழ நின்னாருன்னு உங்கப்பா வாயால சொல்லி நீ கேட்டதுதான?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாற்பது வருடமாகத் திறக்கிற வாய். அன்று பார்த்து ஞாபகம் குறுக்கே வந்து நின்றது.

எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேட்டையைப் பற்றிக் கேட்டேன். “மூணு பேர் போனது. ரெண்டு பேர் ஏறினது. ஒருத்தன் ஒட்டகத்தோட நின்னது,” என்றார். யாருப்பா நின்னது என்றேன். அவர் கொட்டாவி விட்டார். “அது இப்ப எதுக்கு?” என்று துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மறுநாள் கிணற்றடியில் நான் இதைச் சொன்னபோது யாரோ ‘யாரு நின்னது?’ என்று கேட்டார்கள். பெயரில்லாத கதை இரண்டடி நடக்காது. மூவரில் மறுத்துப் பேசாத ஆள் ஹுமைதிதான். ஹுமைதி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நன்றாக இருந்தது. அந்தக் கதை ஹுமைதியின் காதுக்குப் போனதும் எனக்குத் தெரியும். ஒருநாள் வழியில் என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் நின்றார், பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூவரில் இன்னொருவர் என் அப்பா. எங்கள் வீட்டுக் கூரையில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டுமென்றால், என் அப்பா எப்போதும் என்னைத்தான் ஏற்றுவார். காற்று நாளில் ஏணிக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். அப்படியானால் ஒட்டகத்தோடு நின்றவர்... அந்த எண்ணம் வந்த மாத்திரத்தில் அதைத் துரத்தினேன். அது போகவில்லை.

“என்ன அண்ணே, ரேடியோ நின்னு போச்சு?” என்றான் ஃபர்ஹான்.

“கயிறு அசையுது பாரு, யித்கா ஏறறாங்க,” என்றேன்.

*

அவர்கள் கீழே வந்து சேர மதியமாகிவிட்டது. ஸுவைலிம் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். ஃபர்ஹானைப் பார்த்ததும் கால் ஒரு கணம் தயங்கியது, பிறகு வந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிய விரல்களின் நகங்களுக்குள் கறுப்பாக இருந்தது. தண்ணீரைக் குடித்தானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன பங்காளி?” என்றான் ஃபர்ஹான்.

“இருக்கு.”

“எது இருக்கு?”

“எங்கப்பா முத்திரை. தண்ணிக் குழிக்கு மேல் பக்கம்.”

ஃபர்ஹானின் கழுத்து நரம்பு எழுந்தது. தானே போய் இண்டு இடுக்கெல்லாம் தேடினேன் என்று எப்படிச் சொல்வான்? ஏன் தேடினாய், உன் அப்பா முத்திரை எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அவன் என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

யித்கா தலைக்கவசத்தைக் கழற்றி, நரைமுடியை உதறிவிட்டு உட்கார்ந்தாள். “நானும் கண்ணுற்றேன். ஒரு வட்டமும் அதன் கீழ் இரு கோடுகளும். அவர்தம் ஒட்டகங்களுக்கு இடப்படும் அதே சின்னம். நிறத்தால் மிகத் தொன்மையானதே.” ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். “விந்தை யாதெனில், அப்பாறையில் ஏலக்காய் மணம் வீசியது.”

அவள் வேண்டுமென்று சொன்னாளா, வியந்து சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. செய்தி வாசிக்கிற குரலில் அது பிடிபடுவதில்லை.

ஸுவைலிமின் முகம் வெயிலிலும் குளிரிலும் கன்றிச் சிவந்திருந்தது. அதன்மேல் இன்னொரு சிவப்பு ஏறியது. ஃபர்ஹான் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. விறகிலிருந்து நீளமான குச்சி ஒன்றை உருவினான். எங்களுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த திறந்த மணலில் குச்சியை ஊன்றி, குனிந்து, தன்னைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்தான். இழுத்து முடித்து வெளியே தாண்டி வந்தான்.

எங்கள் கிழவர்கள் காலத்தில் இதை வாளால் போடுவார்கள். உள்ளே போய் நின்று சொல்வது சத்தியம். பொய் சொன்னவனின் மந்தை மடி வற்றும், பிள்ளைகள் தங்க மாட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் காலை வைத்தவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே கணக்கு. தும்மினால்கூட அர்த்தம் பார்ப்பார்கள். போட்டவனைத் தவிர வேறு யாரும் சொல்லாமல் தாண்டி வந்தால் அது பொய்ச் சத்தியம், கோடு முழுதும் அழிந்தால்தான் விடுதலை. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஸ்டாம்ப் பேப்பர்தான். ஆனாலும் அந்த வட்டத்தை விளையாட்டுக்குக்கூட யாரும் போடுவதில்லை.

“உள்ள வந்து சொல்லு,” என்றான் ஃபர்ஹான். “எங்கப்பா முத்திரை, எங்கப்பா கையால வெட்டினதுன்னு சொல்லு. நான் இப்பவே வண்டியேறிப் போயிடறேன்.”

ஸுவைலிம் கோடுவரை நடந்தான். காலணி நுனி கோட்டுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. அவன் யாரை நினைத்தான் என்று எனக்குத் தெரியும். பத்து வயதுக்காரி.

“மொதல்ல நீ வா,” என்றான். “வட்டம் போட்டவன் நீதான? உள்ள நின்னு, எங்கப்பா ஸல்மான் இந்தச் சுவர்ல ஏறினாருன்னு சொல்லு. கண்ணால பாத்த மாதிரி சொல்லு.”

ஃபர்ஹானும் நகரவில்லை. வட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். தங்கள் அப்பாவைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்ட மாதிரி நின்றார்கள். சின்ன வயதில் இந்த இருவரும் ஒரே கழுதையில் முன்னும் பின்னும் உட்கார்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

“இந்த அண்ணன் சொல்லட்டும்,” என்றான் ஸுவைலிம் திடீரென்று. “மூணாவது ஆள் இவங்கப்பா. கத தொடங்கினதே இவர்ட்டருந்துதான்.”

“சரி, சொல்லட்டும்,” என்றான் ஃபர்ஹான். வருடக்கணக்கில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

“என்னை விடுங்கப்பா,” என்று சிரித்தேன். “நான் சமைக்க வந்தவன். பருப்பு அடி பிடிக்குது.”

யித்காவுக்கு எங்கள் வட்டம் புரிந்ததோ இல்லையோ, ஏதோ முடிவாகப் போகிறது என்று புரிந்திருக்கிறது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். கிழக்குச் சுவரை முழுதாக வரைந்த தாள். பேனாவைத் திறந்தாள். “எப்பெயரை எழுதுவது என்பதை நீங்களே கூறுங்கள்,” என்று அவள் சொல்லும்போதே தெற்கிலிருந்து ஒரு காற்று வந்து அதைக் கையிலிருந்து பறித்தது.

தாள் மணலில் புரண்டு, நின்று, எழுந்து, பறந்தது. எழுத்துள்ள எந்தத் தாளையும் படிக்காமல் நான் விட்டதில்லை. அதுதான் என் வியாதி. யோசிக்கவே இல்லை. ஓடினேன். குனிந்து பிடிக்கப் பார்த்தேன், தப்பியது. இரண்டு எட்டு வைத்து, செருப்புக் காலால் அதை மிதித்து நிறுத்தினேன்.

காலுக்கடியில் சுவரின் படம் இருந்தது. பிளவு, திட்டு, இடது பக்கத்து வழுக்குப் பாறை, எல்லாம் மெல்லிய கோட்டில். மேலே, வழியின் பெயர் எழுத வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஏன் இவ்வளவு அமைதி என்று பார்த்தேன்.

வட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தேன்.

ஃபர்ஹான் கையிலிருந்த குச்சி சாய்ந்தது. ஸுவைலிம் தோளிலிருந்த கயிற்றை மெல்லக் கீழே இறக்கி வைத்தான். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஊரில் யாரும் அந்த வாயை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். உதடு காய்ந்திருந்தது, நாக்கால் தடவக்கூடப் பயமாக இருந்தது. தெற்கிலிருந்து காற்று விடாமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கோட்டுக்குள் மணல் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்து, ஒரு சாண் அளவுக்கு ஏற்கெனவே தூர்ந்து, தரையோடு தரையாகியிருந்தது. நான் அதையே பார்த்தேன். அவர்களும் என் கண் போன இடத்தைப் பார்த்தார்கள். ஒரு சாண், அப்புறம் ஒன்றரைச் சாண். ஆனால் மலைப் பக்கத்தில் கோடு அப்படியே இருந்தது, ஃபர்ஹான் ஆத்திரத்தில் அழுத்தி இழுத்த பக்கம், ஈர மணல் தெரியும் ஆழத்தில்.